பிள்ளையின் வாயில் ஓர் உயிர்

இரண்டு மாதக் குழந்தை. பசியோடு வாய் வைக்கிறது. நாலு இழுப்பு இழுத்ததும் வீறிட்டு அழுது தலையைத் திருப்பிக்கொள்கிறது. அம்மா வெளிச்சத்தில் பிடித்து வாயைத் திறந்து பார்க்கிறாள். நாக்கில் மட்டுமின்றிக் கன்னத்தின் உட்புறத்திலும் ஈறிலும் தயிர்த் துணுக்கு ஒட்டியதுபோல வெள்ளைத் திட்டுகள். பால்தான் படிந்திருக்கிறது என்று ஈரத்துணியால் துடைக்கிறாள். பாலாக இருந்தால் வந்துவிடும். இது வரவில்லை. கொஞ்சம் அழுத்தித் துடைத்தால் அடியில் சிவந்த புண் தெரிகிறது. ஒரு பொட்டு ரத்தமும் கசிகிறது. வீட்டுப் பெரியவர்கள் இதை ‘அக்கரம்’ என்பார்கள். மருத்துவர் பூஞ்சைத் தொற்று என்று சொல்லி ஒரு சொட்டு மருந்து எழுதித் தருவார். பெரும்பாலான வீடுகளில் அத்தோடு சரி. ஒன்றிரண்டு வாரத்தில் குழந்தை பழையபடி பால் குடிக்கத் தொடங்கிவிடும்.

அந்தச் சொட்டு மருந்து என்ன செய்கிறது என்று கேட்டால், மிகப் பழைய கேள்வி ஒன்று எழுந்து வருகிறது. பூஞ்சை ஓர் உயிர். மருந்து அதைக் கொல்கிறது. எந்த உயிரையும் கொல்லாமையே தலையாய அறம் என்று நம்புகிற ஒருவர், தன் பிள்ளைக்காக அந்தப் புட்டியைத் திறக்கும்போது செய்வது என்ன? கருணையா, கொலையா, இரண்டுமா? அழுகிற பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிற விஷயமா இது என்று தோன்றலாம். ஆனால் இந்தக் கேள்வியை உண்மையாகவே எடுத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்டடைந்த பதில், மருந்து கொடுப்பது எப்படி என்பதையும் சேர்த்தே சொல்லித் தருகிறது.

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கிறது. தொட்டால் உணர்வது மட்டுமே உள்ள புல்லும் மரமும் ஓரறிவுயிர். அங்கிருந்து நத்தை, எறும்பு, நண்டு, விலங்கு என்று படிப்படியாக ஏறி, மனிதரில் ஆறறிவாகிறது. சமணமும் புலன்களின் எண்ணிக்கையால்தான் உயிர்களை வரிசைப்படுத்துகிறது. அதன் பட்டியல் இன்னும் கீழே இறங்கிப் போகிறது. மண்ணையும் நீரையும் தீயையும் காற்றையும் உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு என்கிறது. ஒரே உடலில் எண்ணிலடங்கா உயிர்கள் நெருங்கிக் குடியிருக்கும் நிலையை நிகோதம் என்கிறது. சமண வீடுகளில் கிழங்கு வகைகளை விலக்குவது இந்தக் காரணத்தால்தான். ஊறுகாயில் பூசணம் பூத்துவிட்டால் அதைத் தின்னக்கூடாது என்பதோடு நில்லாமல், தொடுவதற்கே தயங்குகிற வீடுகள் இன்றும் உண்டு. பூசணமும் அவர்களுக்கு எண்ணற்ற உயிர்களின் இருப்பிடம். நுண்ணோக்கி வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, கண்ணுக்குப் படாத உயிர்களையும் அறத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்ட மரபு இது.

நுண்ணோக்கி வந்தபின் அந்தக் கணக்கு இன்னும் சிக்கலானது. 1840களில் ஸ்டாக்ஹோமின் குழந்தைகள் காப்பகத்தில் மருத்துவராக இருந்த ஃபிரெட்ரிக் தியோடர் பெர்க், பச்சிளங்குழந்தைகளின் வாயில் வரும் வெண்படலத்தை ஆராய்ந்து, அது ஒரு பூஞ்சை என்று காட்டினார். 1846இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். இன்று அதற்கு கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்று பெயர். பூஞ்சைகளைத் தாவரத்தோடு சேர்த்துப் படித்த காலம் நீண்டது. மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது: உயிர்களின் குடும்ப மரத்தில் பூஞ்சை, தாவரத்தைவிட விலங்குகளுக்குத்தான் நெருங்கிய உறவு. பிள்ளையின் கன்னத்துச் செல்லும் அதன்மேல் படர்ந்திருக்கும் பூஞ்சைச் செல்லும் தூரத்துப் பங்காளிகள்.

பூஞ்சைக்கு மருந்து கண்டுபிடிப்பது கடினமாக இருந்ததற்கு இந்த உறவே ஒரு முக்கியக் காரணம். பாக்டீரியாவைக் கொல்லும் பெனிசிலின், நம் செல்களில் இல்லாத ஒரு சுவரைத் தாக்குகிறது. பூஞ்சைச் செல்லோ நம் செல்லைப்போலவே உள்கரு கொண்டது. அதைக் கொல்வது எதுவோ அது நம்மையும் கொல்லக்கூடும். மருந்து நுழைய முக்கியமாகக் கிடைத்தது ஒரு சின்ன இடுக்கு. நம் செல்லின் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கிறது. பூஞ்சையின் சவ்வில் அந்த இடத்தில் எர்கோஸ்டிரால் இருக்கிறது. நிஸ்டாட்டின் என்ற மருந்து எர்கோஸ்டிராலைத் தேடிப்போய்ப் பற்றிக்கொண்டு சவ்வில் துளையிடுகிறது. உள்ளிருக்கும் பொட்டாசியம் ஒழுகிப்போய்ச் செல் சாகிறது. மைக்கோனசோல், ஃபுளுகோனசோல் போன்றவை எர்கோஸ்டிரால் உருவாகாமலே தடுக்கின்றன. ஒரு மூலக்கூறின் வேறுபாட்டில்தான் பிள்ளை பிழைக்கிறது, பூஞ்சை சாகிறது.

இந்த இடத்தில் நின்று யோசித்த மருத்துவர் ஒருவர் உண்டு. ஆல்பர்ட் ஷ்வைட்சர் இறையியல் படித்தவர், ஆர்கன் கலைஞர், பிறகு மருத்துவம் படித்து 1913இல் ஆப்பிரிக்காவின் காபோனில் லாம்பரேனே என்ற ஊரில் மருத்துவமனை தொடங்கினார். 1915இல் ஒகோவே ஆற்றில் படகில் போய்க்கொண்டிருந்தபோது, உயிரிடம் பயபக்தி என்பதே அறத்தின் அடிப்படை என்ற எண்ணம் தனக்குப் பிறந்ததாக எழுதியிருக்கிறார். அப்படிச் சொல்கிறவரின் அன்றாட வேலையோ கிருமிகளைக் கொல்வது. உறக்க நோய்க்குப் புது மருந்து வந்ததில் தனக்கு மகிழ்ச்சிதான் என்கிறார். ஆனால் நுண்ணோக்கியில் அந்தக் கிருமியைப் பார்க்கும்போதெல்லாம், ஓர் உயிரைக் காக்க இன்னோர் உயிரைப் பலி கொடுக்கிறோம் என்ற எண்ணம் வராமல் இருப்பதில்லை என்றும் எழுதுகிறார். சமண அறத்தை ஆழ்ந்து படித்து, இந்தியச் சிந்தனை பற்றி 1935இல் நூல் எழுதியவர் அவர். எந்த உயிர் உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று தரம் பிரிப்பதை அவர் ஏற்கவில்லை. தேவை வரும்போது கொல்கிறோம், அந்தப் பொறுப்பைச் சுமக்கிறோம் என்பதே அவர் நிலை.

ஷ்வைட்சரின் நேர்மை பெரியது. ஆனாலும் அவர் கேள்வியை மருத்துவரின் மனச்சான்றில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார். கொல்லும்போது வருந்து என்பதற்கு மேல் அதிகம் சொல்லவில்லை. மருந்துப் புட்டியோடு நிற்கும் தாய்க்கு வருத்தத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. சமணர்களின் பதில் இன்னும் நடைமுறைக்கு உதவுவது.

துறவிக்கும் இல்லறத்தாருக்கும் சமணம் ஒரே அளவுகோலை வைப்பதில்லை. இல்லறத்தார் வாழ்வில் நேரும் இம்சையை நான்காகப் பிரிக்கிறார்கள். வேண்டுமென்றே கொல்வது ஒன்று. சமையல், துப்புரவு போன்ற வீட்டு வேலையில் நேர்வது ஒன்று. தொழிலில் நேர்வது ஒன்று. தன்னையும் தன்னைச் சார்ந்தவரையும் காக்கும்போது நேர்வது ஒன்று. முதலாவதை முற்றாக விடவேண்டும். மற்றவற்றை முடிந்த அளவு குறைக்கவேண்டும். அதே சமணம்தான் நான்கு தானங்களில் ஒன்றாக ஔஷத தானத்தையும் வைத்திருக்கிறது: உணவு, அடைக்கலம், கல்வி, மருந்து. தில்லி செங்கோட்டைக்கு எதிரே லால் மந்திர் வளாகத்தில் சமணர்கள் நடத்தும் பறவை மருத்துவமனையில் காயம்பட்ட புறாக்களுக்குக் கட்டுப்போட்டு மருந்திடுகிறார்கள். கொல்லாமையும் மருந்தும் அங்கே ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன.

இவை இரண்டும் எப்படி ஒத்துப்போகின்றன என்பதைத் தெளிவாக்கியவர் குந்தகுந்தர். வந்தவாசிக்குப் பக்கத்தில் பொன்னூர் மலையில் அவர் தவம் செய்ததாகத் தமிழ்ச் சமணர்கள் நம்புகிறார்கள். மலைமேல் அவருடைய பாதச் சுவடுகளை வழிபடுகிறார்கள். அவருடைய பிரவசனசாரம் சொல்வதன் சாரம் இது: உயிர் சாகட்டும், சாகாமல் போகட்டும், கவனமில்லாமல் நடப்பவனுக்கு இம்சை நிச்சயம், கவனத்தோடு நடப்பவனை, தற்செயலாக உயிர் போனாலும், அந்தப் பழி பற்றுவதில்லை. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரமும் இம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது, கவனக்குறைவால் உயிரைப் போக்குவது என்றே தொடங்குகிறது. இம்சை என்பது இறந்த உயிர்களின் எண்ணிக்கை அல்ல. செய்கிறவரின் அசட்டையும் வெறுப்பும் ஆசையும் எந்த அளவு என்பதே அது. பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும்கூடக் கவனம் வேண்டும் என்று துறவிகளுக்கு ஒரு தனி ஒழுக்கமே விதித்திருக்கிறார்கள்.

இதைக் கையில் எடுத்துக்கொண்டு பிள்ளையின் வாய்க்குத் திரும்பினால், எங்கே கவனிக்கவேண்டும் என்பது துலக்கமாகத் தெரிகிறது.

முதல் அசட்டை, பார்க்காமலே மருந்து போடுவது. நாக்கில் மட்டும் மெல்லிய வெள்ளை, கன்னத்தில் ஒன்றுமில்லை, குழந்தை நன்றாகக் குடிக்கிறது என்றால் அநேகமாக அது பால். அதற்கு மருந்தே வேண்டாம். இரண்டாவது, சுரண்டுவது. வெள்ளையைத் துணியால் தேய்த்து எடுக்கப் போய்ப் புண்ணைப் பெரிதாக்குகிறார்கள். மூன்றாவது, கைக்கு வந்ததைத் தடவுவது. தேன் தடவச் சொல்லும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுத்தால், அதிலிருக்கக்கூடிய வித்துகளால் பாட்டுலிசம் என்ற கொடிய தசைவாதம் வரலாம். தேனீயின் பொருட்டுத் தேனை விலக்கிய சமண வீடுகள் இந்த ஆபத்திலிருந்தும் தப்பித்தன என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு காலத்தில் வாயெல்லாம் ஊதாவாகும்படி பூசிய ஜென்ஷன் வயலெட் மலிவானது, வேலையும் செய்தது. ஆனால் விலங்குகளில் அது புற்றுநோயை உண்டாக்கியதை வைத்து, 2019இல் கனடாவின் சுகாதாரத் துறை அதைத் தவிர்க்கும்படி எச்சரித்தது.

நிஸ்டாட்டின் சொட்டு மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 1,00,000 யூனிட் இருக்கும். எத்தனை மில்லி என்பது மருத்துவர் சொல்வது. பொதுவாக நாளுக்கு நான்கு முறை. அளவில் பாதியை ஒரு கன்னத்துக்கும் மீதியை மறு கன்னத்துக்கும், பால் கொடுத்தபின் விடவேண்டும். பாலுக்கு முன்னால் விட்டால் பால் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். இந்த மருந்து குடலிலிருந்து ரத்தத்தில் ஏறுவதில்லை என்றே சொல்லலாம். தொட்ட இடத்தில் மட்டும்தான் வேலை செய்யும். ஆகவே தொடும்படி விடுவதே சிகிச்சை. வெள்ளை மறைந்த அன்றே நிறுத்திவிடாமல் மேலும் இரண்டு நாள் தொடர வேண்டும். தாயின் மார்புக் காம்பில் எரிச்சலோ சிவப்போ இருந்தால் அவருக்கும் அதே சமயத்தில் மருந்து வேண்டும். இல்லாவிட்டால் தாயும் சேயும் ஒருவருக்கொருவர் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். பால் புட்டியின் நிப்பிளையும் சூப்பானையும் கொதிக்கவைக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது.

இங்கே உண்மையான சங்கடம் ஒன்று இருக்கிறது. 1997இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், நிஸ்டாட்டின் சொட்டைவிட மைக்கோனசோல் ஜெல் வேகமாகவும் அதிகக் குழந்தைகளிலும் குணம் தந்தது. காரணம் எளிது: ஜெல் வாயில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஆனால் அதே ஒட்டும் தன்மையால் சின்னக் குழந்தையின் தொண்டையை அடைத்துக்கொள்ளும் அபாயமும் உண்டு. அதனால் பிரிட்டனில் நான்கு மாதம் நிறையாத குழந்தைகளுக்கு அந்த ஜெல்லுக்கு அனுமதி இல்லை. பெரிய குழந்தைக்குக்கூட விரலால் கொஞ்சம் கொஞ்சமாக வாயின் முன்பகுதியில்தான் தடவவேண்டும். மொத்தமாகப் பின்னால் தள்ளக்கூடாது. வேகமாகக் கொல்லும் மருந்து எப்போதும் நல்ல மருந்து ஆகிவிடாது. குந்தகுந்தர் இதைக் கேட்டிருந்தால் வியந்திருக்க மாட்டார்.

நிஸ்டாட்டின் வந்த வழியையும் இந்தக் கேள்வியோடு வைத்துப் பார்க்கவேண்டும். நியூயார்க் மாநில சுகாதாரத் துறையின் ஆய்வுக்கூடங்களில் இரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள். எலிசபெத் லீ ஹேசன் நியூயார்க் நகரில் நுண்ணுயிரியலாளர். மிசிசிப்பியில் பிறந்து, சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து உறவினரிடம் வளர்ந்தவர். ரேச்சல் ஃபுல்லர் பிரவுன் ஆல்பனியில் வேதியியலாளர். குடும்ப நண்பரான ஒரு பெண்மணி செலவை ஏற்றதால் கல்லூரிக்குப் போக முடிந்தவர், தேவாலயப் பணியில் ஈடுபாடு மிக்கவர். ஹேசன் பல இடத்து மண்ணிலிருந்து நுண்ணுயிர்களை வளர்த்து, பூஞ்சையை எது எதிர்க்கிறது என்று பார்ப்பார். எதிர்ப்பதைக் கண்ணாடி ஜாடியில் அடைத்துத் தபாலில் ஆல்பனிக்கு அனுப்புவார். பிரவுன் அதிலிருந்து வேலை செய்யும் பொருளைப் பிரித்தெடுத்துத் தபாலிலேயே திருப்பி அனுப்புவார். வர்ஜீனியாவில் வாரன்டன் பக்கத்தில் நோர்ஸ் என்ற நண்பர்களின் பண்ணையிலிருந்து ஹேசன் எடுத்துவந்த மண்ணில்தான் அவர்கள் தேடிய நுண்ணுயிர் கிடைத்தது. அதற்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் நோர்சி என்று பெயரிட்டார்கள். 1950இல் கண்டுபிடிப்பை அறிவித்தார்கள். 1954இல் மருந்து சந்தைக்கு வந்தது.

இந்தக் கதையில் விட்டுவிடக்கூடாத ஒரு பக்கம் உண்டு. பூஞ்சையைக் கொன்ற பொருள்களில் பெரும்பாலானவை, சோதித்துப் பார்த்தபோது ஆய்வுக்கூட விலங்குகளையும் கொன்றன. எலியை ஓரறிவில் சேர்த்துத் தள்ளிவிட முடியாது. அதற்கு ஐந்து புலன்களும் வலியும் உண்டு. பிள்ளையின் வாயில் விடும் மருந்தின் அறக்கணக்கில் பூஞ்சையைவிடக் கனமான செலவு அதுதான். ஔஷத தானத்தைப் போற்றுகிறவர்கள் அந்த எலிகளைக் கணக்கிலிருந்து நீக்கக்கூடாது. அன்றைக்கு வேறு வழி இல்லை என்பதும் உண்மை. இன்று செல் வளர்ப்பிலேயே பல நச்சுச் சோதனைகளைச் செய்துவிட முடிகிறது என்பதும் உண்மை. விலங்கில்லாமல் முடிகிற சோதனையை விலங்கில் செய்தால், அதற்குப் பெயர் அசட்டைதான்.

காப்புரிமையால் வந்த பணம் 1.3 கோடி டாலருக்கும் மேல். ஹேசனும் பிரவுனும் தங்களுக்கென்று ஒரு டாலரும் எடுத்துக்கொள்ளாமல், அறிவியல் ஆய்வுக்கே முழுவதையும் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் இருவருக்கும் சமணம் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு சமணப் பெரியவரிடம் இந்தச் செய்தியைச் சொன்னால், நான்கு தானங்களில் எது இது என்று அவர் உடனே சொல்லிவிடுவார்.

கொல்வது என்று இதுவரை பேசியதில் ஒரு திருத்தம் தேவை. எந்தச் சொட்டு மருந்தும் பிள்ளையின் உடலிலிருந்து கேண்டிடாவை ஒழித்துவிடுவதில்லை. ஆரோக்கியமான பெரியவர்களிலேயே கணிசமானோரின் வாயிலும் குடலிலும் அது ஓசையில்லாமல் குடியிருக்கிறது. குழந்தைக்குப் பிரசவப் பாதையிலிருந்தோ தாயின் தோலிலிருந்தோ அது வந்து சேர்கிறது. உருண்டையான ஈஸ்ட் வடிவில் இருக்கும்வரை பெரிதாகத் தொந்தரவு இல்லை. பாதுகாப்பு தளரும்போது நூல்போல நீண்டு திசுவுக்குள் ஊடுருவுகிறது. அந்த நூல்கள் சுரக்கும் கேண்டிடாலைசின் என்ற நச்சைத்தான் 2016இல் கண்டுபிடித்தார்கள்; வாயின் மேல்தோல் செல்களைப் புண்ணாக்குவது அது. ஒரே உயிர், இரண்டு நடத்தை. மருந்து அதைப் பழைய எல்லைக்குத் துரத்துகிறது. மிச்சத்தைக் குழந்தையின் வளர்ந்துவரும் எதிர்ப்பாற்றல் பார்த்துக்கொள்கிறது. பூஞ்சையைப் பகையாக வெறுத்து, கடைசிச் செல் வரை அழித்தே தீருவேன் என்று தேவைக்கு மேல் மருந்து கொடுத்தால், மருந்துக்கு மசியாத பூஞ்சைகள் தலையெடுக்கும். 2009இல் ஜப்பானில் முதன்முதலாக இனங்காணப்பட்ட கேண்டிடா ஆரிஸ், பல மருந்துகளுக்கு மசியாமல் இன்று உலகெங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை அச்சுறுத்துகிறது.

பூஞ்சை எல்லை மீறியது ஏன் என்ற கேள்விதான் சிகிச்சையில் பாதி. குழந்தைக்கோ தாய்க்கோ அண்மையில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்களா? அது பூஞ்சையை அடக்கிவைத்திருந்த பாக்டீரியாவை அழித்திருக்கும். மருந்தை ஒழுங்காகக் கொடுத்தும் இரண்டு வாரத்தில் அடங்கவில்லையா, அடங்கி அடங்கித் திரும்ப வருகிறதா, எடை ஏறவில்லையா, சின்னஞ்சிறு பருவம் தாண்டியும் காரணமின்றி வருகிறதா? அப்போது மருத்துவர் இன்னும் வலுவான பூஞ்சைக்கொல்லியைத் தேடுவதற்கு முன் குழந்தையின் எதிர்ப்பாற்றலைச் சோதிக்கச் சொல்வார். 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில், லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த ஐந்து இளைஞர்களுக்கு அரிதான ஒரு நுரையீரல் தொற்று வந்த செய்தி வெளியானது. எய்ட்ஸ் என்று பின்னால் உலகம் அறிந்த நோயின் முதல் பதிவு அது. அந்த ஐந்து பேருக்குமே கேண்டிடாத் தொற்றும் இருந்ததாக அந்த அறிக்கை குறித்திருக்கிறது. அதனால்தான் எச்ஐவி உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையின் வாயில் வெள்ளை நிலைத்து நின்றால், சொட்டு மருந்துச் சீட்டோடு ரத்தப் பரிசோதனைக்கும் எழுதித் தருகிறார்கள்.